உள்ளே போட்டவர் பெயர்

எழுபத்து நாலில் அற்புதமேரி அந்தக் கப்பல்பட்டறையில் சேர்ந்தபோது அவளுக்குக் கிடைத்தது கம்ப்யூட்டர் படிக்கும் அட்டையில் ஓட்டை போடும் வேலை. சிங்கப்பூரில் செம்பவாங்கில், பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில் இருந்த பட்டறை அது. ஒரே அறையில் பத்துப் பெண்கள், பத்து மெஷின்கள், நாள் முழுக்கத் தடதடவென்று சத்தம். வீட்டில் சோற்றில் கை வைக்கும்போதுகூட அந்தச் சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும். கல்யாணம், பிள்ளை என்று மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அவளுக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தன, ஆனால் அவள் நிற்கவில்லை. சாயங்கால வகுப்புக்குப் போய் கோபோல் என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தாள். எண்பதில் புரோகிராமர் என்று கடிதம் கொடுத்தார்கள். அன்றைக்குப் பங்குக் கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

மூன்று வருஷம் கழித்து சந்திரமதி வந்தாள். மார்சிலிங்கில் வீடு, பாலிடெக்னிக் படிப்பு, இருபத்தைந்து வயது. சி என்கிற புது மொழியில் எழுதத் தெரிந்தவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான். அதிகம் பேசமாட்டாள். ஒரு புரோகிராம் ஓடவில்லையென்றால் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு பேப்பரையே பார்த்துக்கொண்டிருப்பாள். திடீரென்று "அட, நான் ஒரு மடச்சி" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய் இரண்டு வரியை மாற்றுவாள். ஓடும். மேரியை முதல் நாளிலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

எண்பத்தைந்தில் அவள் எழுதியதுதான் டாக் புரோகிராம். கப்பல் பழுதுபார்க்கும் டாக்குக்குள் ஒரு கப்பலை நினைத்த நேரத்தில் இழுத்துவிட முடியாது. கடலில் நீர் ஏறியிருக்க வேண்டும், கப்பலின் அடிப்பாகம் தட்டாமல் உள்ளே வர வேண்டும், அதற்குள் முந்தின கப்பல் வெளியே போயிருக்க வேண்டும். இதையெல்லாம் அதுவரை டாக் மாஸ்டர் பாலகிருஷ்ணன் ஒரு பெரிய காகிதத்தில் பென்சிலால் போட்டு, அழித்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். சந்திரமதியின் புரோகிராம் பத்து நிமிஷத்தில் மாதம் முழுவதற்கும் கணக்குப் போட்டுத் தாளில் கொடுத்தது. முதல் மாதம் அவர் நம்பவில்லை. இரண்டாம் மாதம் பென்சிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

எண்பத்தாறில் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று புதிதாக வந்தது. அதே வருஷம்தான் எல்லாம் கெட்டுப்போன வருஷமும். பட்டறைகளில் கப்பல் இல்லை. எங்கே பார்த்தாலும் ஆள்குறைப்பு. மேரியின் கணவன் எட்மண்ட் வேறொரு பட்டறையில் வெல்டர். ஜனவரியிலேயே அவனை அனுப்பிவிட்டார்கள். காலையில் எழுந்து பேப்பரைப் பிரித்து, வேலைப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மடித்து வைப்பான். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்தில். வீட்டுக்கு வந்தது மேரியின் சம்பளம் ஒன்றுதான்.

ஜூன் மாதம் மேனேஜர் சியா அவளைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர் தலைவராக வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, சத்தம் போடாத மனுஷன். புரோகிராம்கள் எல்லாம் டாக், டாக்-புதுசு, டாக்-ரொம்பப்புதுசு என்று கண்டபடி கிடக்கின்றன, போன மாதம் யாரோ பழையதைப் புதியதன்மேல் எழுதிவிட்டார்கள், இனிமேல் அப்படி நடக்கக்கூடாது என்றார். புது மெஷினில் எல்லாவற்றுக்கும் ஒரு கிடங்கு உண்டாக்கச் சொன்னார். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று அந்தக் கிடங்கே எழுதி வைத்துக்கொள்ளும். பழையது வேண்டுமென்றாலும் எடுத்துக்கொள்ளலாம்.

சந்திரமதி அப்போது பிரசவ லீவில் இருந்தாள். ஆகவே மேரி தனியாகத்தான் உட்கார்ந்தாள். கையேட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஒவ்வொரு கட்டளையாக அடித்தாள். முதலில் கிடங்குக்கு ஒரு புது டைரக்டரி. பிறகு ஒவ்வொரு ஃபைலாக உள்ளே அனுப்புவதற்கு சி, ஐ என்று இரண்டே எழுத்து, பக்கத்தில் ஃபைலின் பெயர். அடித்ததும் மெஷின் நின்று, இது என்ன ஃபைல் என்று கேட்கும். ஒரு வரி விவரம் எழுதி, அடுத்த வரியில் ஒரு புள்ளி வைத்தால் வாங்கிக்கொள்ளும். முதல் பதிப்பு என்று எண் போட்டு, தேதி, நேரம், ஆள் பெயர் மூன்றையும் தானாகவே எழுதிக்கொள்ளும். ஆள் பெயர் என்பது அந்த நேரத்தில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் பெயர். அதற்கு வேறு யாரையும் தெரியாது.

மொத்தம் நாற்பத்து மூன்று ஃபைல். அதில் பதினான்கு மேரி எழுதியது. மீதி இருபத்தொன்பதும் சந்திரமதியுடையது. தான் எழுதியதன் தலையில் பெயர் போடும் பழக்கம் சந்திரமதிக்கு இல்லை. அவளுடைய முதல் ஃபைலை அனுப்பியபோது, விவரம் கேட்ட இடத்தில் அவள் பெயரைப் போடலாமா என்று மேரிக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் இருபத்தொன்பது தடவை அடிக்க வேண்டும். 'நீரேற்றக் கணக்கு' என்று மட்டும் அடித்துப் புள்ளி வைத்தாள். அடுத்ததற்கும் அப்படியே. இரண்டு மத்தியானத்தில் வேலை முடிந்தது. அதுவரைக்கும் அதில் ஒரு களவும் இல்லை, வெறும் சோம்பல்தான்.

ஜூலை முதல் வாரத்தில் சியா மறுபடி கூப்பிட்டார். கிடங்கிலுள்ள எல்லா ஃபைலுக்கும் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வேண்டும் என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஒவ்வொரு பிரிவிலும் ஆளைக் குறைக்கச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்தது கேன்டீனில் தேத்தண்ணீர் கலக்குகிறவருக்குக்கூடத் தெரியும். இவர்கள் பிரிவில் புரோகிராமர் இரண்டே பேர்.

பிரிண்டரிலிருந்து தாள் மடிந்து மடிந்து விழுந்துகொண்டிருந்தது. மேரி பக்கத்திலேயே நின்று பார்த்தாள். ஒவ்வொரு ஃபைலுக்கும் கீழே தேதி, நேரம், மேரி. தேதி, நேரம், மேரி. கிழித்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். சியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கடைசித் தாளுக்கு வந்ததும் நிமிர்ந்தார். எல்லாம் நீ செய்ததுதானா என்று கேட்டார்.

அந்த நேரத்தில் அவளுக்கு எட்மண்டின் முகமோ பிள்ளைகளின் முகமோ ஞாபகத்துக்கு வந்தது என்று சொன்னால் அது பொய். பின்னால் பல தடவை அவளே அப்படிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உண்மையில் அவள் மனசில் ஒன்றுமே இல்லை. வாய் மட்டும் திறந்து, "எல்லாத்தையும் நான்தான் சார் உள்ளே போட்டேன்" என்றது.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சியா தலையை ஆட்டினார். தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார்.

லீவு முடிந்து சந்திரமதி வந்த மூன்றாம் நாள் அவளுக்குக் கடிதம் கொடுத்தார்கள். அவள் அழவில்லை. இழுப்பறையைக் காலி செய்து பென்சில், ஸ்கேல், குழந்தையின் போட்டோ எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டாள். மேரி பக்கத்தில் நின்று, எதற்கென்று தெரியாமல் அந்தப் பையின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களாவது இருக்கீங்களே அக்கா, அது போதும்" என்றாள் சந்திரமதி. "அந்த டாக் புரோகிராமைக் கொஞ்சம் பாத்துக்குங்க."

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போக வேண்டும் என்று மேரி நினைத்தாள். வாசலோடு திரும்பிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். கோபப்பட்டது, செபம் சொல்லாமல் தூங்கியது எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் வேலையிடத்தில் ஓர் உண்மையை முழுசாகச் சொல்லவில்லை என்றாள். அதைச் சின்ன விஷயம் போலச் சொன்னாள். சாமியாரும் சின்ன விஷயமாகவே எடுத்துக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். பெஞ்சில் முழங்காலிட்டு இரண்டு சொன்னாள். மூன்றாவது வாயில் வரவில்லை. சாமியாரிடம்கூடச் சரக்கின் எடையைக் குறைத்துக் காட்டிவிட்டோம் என்று கூசிப்போய் எழுந்து வந்தாள்.

எட்மண்டிடம் அவள் சொல்லவில்லை. சந்திரமதியை அனுப்பிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். நல்லவேளை, உன்னை வைத்துக்கொண்டார்கள், நீ நல்லா வேலை செய்வாய் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றான் அவன். அதற்குப் பிறகு அவன் அவளுடைய வேலையைப் பற்றிப் புகழ்ந்து பேசும்போதெல்லாம் அவள் அடுப்படிக்கு எழுந்து போய்விடுவாள். எண்பத்தேழில் அவனுக்கும் வேறிடத்தில் வேலை கிடைத்தது. அவளுக்குச் சம்பளமும் பதவியும் உயர்ந்தன. சந்திரமதிக்கு இரண்டு தடவை போன் போட எடுத்து, நம்பரைப் பாதி சுற்றி வைத்தாள். மற்றபடி டாக் புரோகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. அதை அவள் தொடவே இல்லை, தொட வேண்டியும் வரவில்லை.

எண்பத்தெட்டு பிப்ரவரி நடுவில் ஒரு காலை, பாலகிருஷ்ணன் கையில் அச்சடித்த நீரேற்றப் புத்தகத்தோடு வந்து நின்றார். மார்ச் ஒன்றாம் தேதியிலிருந்து மெஷின் கொடுத்த நேரம் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை, ஒரு நாள் தள்ளி நிற்கிறது என்றார். மார்ச் இரண்டாம் தேதி ஒரு பெரிய டேங்கர் டாக்குக்குள் வர இருந்தது. இந்த நேரத்தை நம்பி இழுத்தால் அடி தட்டும்.

பார்த்ததுமே மேரிக்குப் புரிந்தது, அது லீப் வருஷம். பிப்ரவரி இருபத்தொன்பது என்று ஒரு நாள் இருப்பது புரோகிராமுக்குத் தெரியவில்லை. ஒரு நாளைக் கூட்டினால் தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டு, கணக்குப் போடும் இடத்தைத் தேடிப் பிடித்து ஒன்றைக் கூட்டினாள். நேரம் சரியாக வந்தது; ஆனால் ஒரே டாக்கில் ஒரே நாளில் இரண்டு கப்பல் வந்து நின்றன. அதைச் சரிசெய்தால் வாரக் கிழமை மாறியது. கோபோலில் பழகிய கண்ணுக்கு அந்த எழுத்து பிடிபடவே இல்லை. நான்கு நாள் திணறினாள். ஐந்தாம் நாள் சியா அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கோபமில்லாமல், உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

"மேரி, இது நீ எழுதினதுதானே?"

நாளைக்குள் முடித்துவிடுவேன் என்றாள்.

மத்தியானம் சந்திரமதி வீட்டுக்குப் போன் செய்தாள். அவள் கணவன் வேலாயுதம் எடுத்தான். அவள் ஒரு வருஷமாக சிராங்கூன் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறாள் என்று கடையின் பெயரைச் சொன்னான். மேரி அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். ஒரு மணி நேரத்துக்கு மேலான பயணம். மடியில் புரோகிராமின் அச்சுத்தாள் கட்டாக இருந்தது. உண்மையை இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நிறுத்தத்தில் தீர்மானிப்பாள். அடுத்த நிறுத்தத்தில், முதலில் வேலை முடியட்டும் என்று தோன்றும். உதவி வாங்கிக்கொண்டு சொல்வது கேவலம், சொல்லிவிட்டு உதவி கேட்பது அதைவிடக் கேவலம்.

கடையில் சந்திரமதி ஒரு குடும்பத்துக்குப் புடவை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மேரியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. சாப்பாட்டு நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். இருவரும் தேக்கா மார்க்கெட்டில் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். தே வாங்கியது சந்திரமதிதான். மேரி காசை எடுப்பதற்குள் கொடுத்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள். தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். வாயில் வைக்கப் பென்சில் இல்லை. பில் போடும் பேனா இருந்தது.

"நாள் கணக்கு மூணு இடத்துல வருது அக்கா. ரெண்டு இடத்துல லீப் வருஷத்தை நான் அப்பவே சேத்துட்டேன். மூணாவதை லீவு முடிஞ்சு வந்து பாத்துக்கலாம்னு விட்டேன். நீங்க ஏற்கெனவே சரியா இருந்ததுல போய்க் கூட்டிட்டீங்க, அதான்."

கடையின் காகிதப் பை ஒன்றின் பின்பக்கத்தில் ஆறு வரி எழுதினாள். ஒரு வரியை அடித்து மாற்றினாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. "எல்லாம் ஞாபகம் இருக்கு பாருங்க" என்றாள். அந்தச் சந்தோஷத்தை மேரியால் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

"சந்திரா, உனக்கு வேலை போனது என்னாலதான்" என்றாள்.

பிறகு நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கிடங்கு உண்டாக்கியது, இருபத்தொன்பது ஃபைலும் தன் பெயரில் ஏறியது, சியா பட்டியல் கேட்டது, தான் சொன்ன அந்த ஒரு வாக்கியம். சொல்லும்போது சந்திரமதியின் கையிலிருந்த பேனாவையே பார்த்தாள். பேனா அசையவில்லை.

"சார் கேட்டப்போ என் பேரை நீங்க சொல்லவே இல்லையா?"

"இல்ல."

சந்திரமதி பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"நான் எழுதினது நல்லா இல்லைன்னுதான் அனுப்பிட்டாங்கன்னு நினைச்சேன்" என்றாள் பிறகு. குரல் உயரவே இல்லை. "அதனாலதான் வேற எங்கேயும் போய்க் கேக்கல. நமக்கு இது வராதுன்னு விட்டுட்டேன். ரெண்டு வருஷம்."

மேரி மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். கடையில் தேடுவார்கள் என்று சொல்லி சந்திரமதி எழுந்தாள். தே பாதிக்குமேல் கோப்பையிலேயே இருந்தது. எழுதிய காகிதப் பையை அவள் எடுத்துக்கொள்ளவில்லை, கிழிக்கவும் இல்லை. மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனாள்.

எடுக்கக் கூடாது என்றுதான் மேரிக்கு இருந்தது. மார்ச் இரண்டாம் தேதி டேங்கர் வருகிறது. சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அந்தப் பையை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் செய்தவற்றுள் எது மிகவும் கூச்சமானது என்று கேட்டால், சியாவிடம் சொன்னதைக்கூட அவள் இரண்டாவதாகத்தான் வைப்பாள்.

மறுநாள் அந்த ஆறு வரியை அடித்தாள். புரோகிராம் ஓடியது; பாலகிருஷ்ணன் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருப்தியாகப் போனார். டேங்கர் தட்டாமல் உள்ளே வந்த அன்றைக்கு மேரி சியாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். இதைத் திருத்தியது யார், முதலில் எழுதியது யார் என்று சொன்னாள். வேலையை விட்டுப் போகச் சொன்னால் போகிறேன் என்றும் சொன்னாள்.

சியா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அன்றைக்கு நான் புரோகிராம்களைப் படித்துப் பார்க்கவில்லை, பெயர்களை மட்டும் எண்ணினேன் என்றார். உன்னை அனுப்பிவிட்டால் இங்கே ஆளே இல்லை, போய் வேலையைப் பார் என்றார். தண்டனை என்று அவ்வளவுதான். திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் ஒன்று கேட்டாள். சந்திரமதிக்கு ஒரு சான்றுக் கடிதம். மறுக்காமல் ஒப்புக்கொண்டார். மேரியே உட்கார்ந்து அடித்தாள். இருபத்தொன்பது ஃபைலையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இவற்றை எழுதியவர் சந்திரமதி என்று அடித்தாள். சியா கையெழுத்துப் போட்டார். பதிவுத் தபாலில் அனுப்பினாள். பதில் வரவில்லை. எட்மண்டிடமும் அந்த வாரம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு அவள் வேலையைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

அந்த வருஷத் தீபாவளிக்கு முந்தின வாரம் தேக்காவில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். மீன்கடை முன்னால் நின்ற மேரி எதிரே சந்திரமதியைப் பார்த்தாள். இரண்டு வயதுக் குழந்தை இடுப்பில் இருந்தது. விலகிப் போக இடமில்லை. சந்திரமதியும் விலகவில்லை. நல்லா இருக்கீங்களா, பிள்ளைங்க எப்படி என்று தெரிந்தவர்களிடம் கேட்பதுபோலக் கேட்டாள். அக்கா என்று கூப்பிடவில்லை; வேறு எதுவாகவும் கூப்பிடவில்லை.

ஷென்டன் வேயில் ஒரு கம்பெனியில் புரோகிராமராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது என்றாள். மேரிக்குக் கண் நிறைந்துவிட்டது. கடிதம் வந்து சேர்ந்ததா என்று மெதுவாகக் கேட்டாள்.

"வந்துச்சு. அதை யார்கிட்டயும் காட்டல" என்றாள் சந்திரமதி. "டெஸ்ட் வச்சாங்க, எழுதினேன், எடுத்துக்கிட்டாங்க."

குழந்தையிடம், ஆன்ட்டிக்கு டாட்டா காட்டு என்றாள். அது காட்டியது. மேரியும் கையைத் தூக்கிக் காட்டினாள். அவர்கள் கூட்டத்துக்குள் மறைந்து வெகுநேரமாகியும் அவள் அங்கேயே நின்றாள். மீன்காரர் என்ன வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, பின்னால் நின்றவருக்கு நிறுக்கத் தொடங்கினார்.